கட்டை என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்

சர்க்கார் அலுவலகத்தில் தமிழ்ப் பத்திரிகைகளை இங்கிலீஷில் பெயர்த்துக் கொடுப்பது என் உத்தியோகமாக இருந்தது. நான் பென்ஷன் வாங்கிக்கொண்டு வெளியே வந்த பிறகு அந்தப் பிரிவைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். நான் தனி ஆளாகப் பார்த்த வேலைக்கு இப்போது மூன்று இளைஞர்கள். பினாங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் அத்தனை பத்திரிகைகள் வருகின்றன. போன மாதம் அவர்களில் ஒருவர் கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் இருக்கும் என் வீட்டைத் தேடிவந்து, "ஐயா, ஒரு சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் இருந்தா எதை எழுதறது?" என்று கேட்டார்.

"எழுதினவர் எதை நெனச்சாரோ அதை எழுதுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சரியான பதில்தான். ஆனால் அவர் போன பிறகு எனக்கு நிம்மதி இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் தகப்பனார் ரயில்வேயில் மண்டோராக இருந்தவர். தண்டவாளக் கூலிகளை மேய்த்த சம்பளத்தில் என்னை இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பினார். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இந்த ஊரில் தமிழ்ப் பத்திரிகை என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் கிடையாது. தோட்டத்துக் கூலிகளின் மனுக்களைப் பெயர்ப்பதே வேலை. தலைமைக் கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்த யாழ்ப்பாணத்துப் பெரியவர் எனக்குச் சொன்னது ஒன்றுதான்: விடாதே, சேர்க்காதே. இருபது வருஷத்துக்கு மேல் அதை வைத்தே பிழைத்தேன்.

பிறகு பத்திரிகைகள் வந்தன. கூடவே எங்கள் பிரிவுக்கு அதிகாரியாக வெல்பி துரையும் வந்தார்.

வெல்பி துரை சென்னை ராஜதானியில் தங்கித் தமிழ் படித்துப் பரீட்சை தேறியவர். கூலிகளோடுகூடப் புத்தகத் தமிழில்தான் பேசுவார். மற்றத் துரைமார் எங்களை 'கிராணி' என்று கூப்பிட்டு மலாயில் பேசுவார்கள். இவர் "நீர் அமரும்" என்பார். ஆனால் தாம் உட்கார மாட்டார். மொழிபெயர்ப்பைக் கையில் வாங்கினால் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டுதான் படிப்பார். ஒருமுறை காரணம் கேட்டேன். "அமர்ந்து படித்தால் நான் நீதிபதி என்ற எண்ணம் வந்துவிடுகிறது" என்றார். அவர் விளையாட்டாகப் பேசுகிறாரா என்று கண்டுபிடிப்பது கடினம்.

முறை இதுதான். காலையில் பத்திரிகைகள் வரும். முழுதும் படிக்க வேண்டும், விளம்பரம் உட்பட. அரசாங்கம், மதம், ஜாதி, கூலி விவகாரம் பற்றி எது இருந்தாலும் ஓரத்தில் பென்சில் கோடு. பிறகு முழுத்தாளை நீளவாக்கில் மடித்து, வலது பாதியில் இங்கிலீஷ். இடது பாதி துரையின் குறிப்புக்கு. எந்தப் பக்கத்தில் வந்தது, எவ்வளவு பெரிய எழுத்தில் வந்தது என்பதையும் எழுத வேண்டும். சொல்லில் சந்தேகம் இருந்தால் அடியில் மொழிபெயர்ப்பாளர் குறிப்பு. துரை எதையாவது விரலால் தொட்டு, "இது எழுதியவர் சொன்னதா, நீர் சொன்னதா?" என்று கேட்பார். 'எழுதியவர்' என்று நான் சொல்லிவிட்டால் மறுபேச்சு இல்லை. என் வார்த்தையை அவர் அவ்வளவு நம்பினார்.

அந்த நாளில் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டில் 'பொதுமேடை' என்ற வாரப் பத்திரிகை அச்சாகிக்கொண்டிருந்தது. ஆசிரியர், முதலாளி, பிழை திருத்துபவர் எல்லாம் மாசிலாமணிதான். தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராக ஊரிலிருந்து வந்தவர். மானேஜரோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியேறி அச்சுக்கூடம் வைத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

அவர் எழுதுவதை நான்தான் சர்க்காருக்குப் பெயர்த்துக் கொடுக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். காப்பிக்கடையில் பார்த்தால் பக்கத்தில் வந்து உட்காருவார்.

"கிராணியாரே, இந்த வாரம் என் தமிழ் இங்கிலீஷ்ல எப்படி இருக்கு?"

"வாக்கியம் நீளம். மூச்சு வாங்குது."

"சரி, குறைச்சுக்கறேன். கடைசி வரைக்கும் படிக்கிற ஒரே ஆள் நீங்கதான். உங்க சொல்லைத் தட்டலாமா?"

பத்திரிகையில் ஊரே எதிர்பார்க்கும் பகுதி 'இரு பக்கம்'. நடுப்பக்கத்தில் இரண்டே பத்தி. இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் அவரை மறுப்பவர். ஒரே எழுத்து, ஒரே நீளம். ஒருவர் எழுதியதை மற்றவர் அச்சாகுமுன்பே படித்துப் பதில் எழுதலாம். காங்கிரஸ் செய்வது சரியா, கள்ளுக்கடையை மூட வேண்டுமா, காவடி எடுப்பது பக்தியா, வேலையில்லாத கூலிகளைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்புவது நியாயமா என்று எல்லாம் அதில் அடிபடும். ஒரு தரப்பின் கட்டுரை பலவீனமாக வந்தால் மாசிலாமணி திருப்பி அனுப்பிவிடுவார். "இதைவிட நல்லா உம்மால திட்ட முடியும். திரும்ப எழுதிட்டு வாரும்" என்பார். ஒரு பக்கம் சாய்ந்த பத்திரிகையை ஒற்றைச் சக்கர வண்டி என்று சொல்லுவார்.

இடப்பக்கத்தில் அதிகம் எழுதியவர் வேலாயுதம். செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். நான்கு பிள்ளைகளுக்குத் தகப்பன். 'சம்மட்டி' என்ற புனைபெயரில் சாமியையும் சாத்திரத்தையும் அடிஅடி என்று அடிப்பார். வலப்பக்கம் பண்டிதர் சிவக்கொழுந்து. கிள்ளானில் தமிழ் வாத்தியார். தேவாரம் முழுதும் நாவில் இருக்கும். சொந்தப் பெயரில்தான் எழுதுவார்.

சனிக்கிழமை மத்தியானம் பண்டிதர் ரயிலில் வந்து இறங்குவார். வேலாயுதம் பட்டறையிலிருந்து எண்ணெய்க் கையோடு வருவார். அச்செழுத்துப் பெட்டிக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இந்தப் பக்கம் ஒருவரும் உட்கார்ந்துகொண்டு அச்சில் வராததையும் சேர்த்துப் பேசுவார்கள். பண்டிதருக்குப் பார்வை மங்கல். சாயங்காலம் அவர் கையைப் பிடித்து ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போவது வேலாயுதம்தான். வழி நெடுகச் சண்டை நடக்கும். ரயில் நகரும்போதும் பண்டிதர் ஜன்னல் வழியே ஒரு பாட்டைச் சொல்லிக்கொண்டு போவார்.

கிள்ளானுக்கு அப்பால் ஒரு கோயில். பெயர் வேண்டாம். அதன் மண்டபத்து வாசலின் குறுக்கே இடுப்பளவு உயரத்தில் ஒரு மரக்கட்டை போட்டிருந்தார்கள். சில ஜாதியார் அதற்கு இந்தப் பக்கமே நின்று கும்பிட வேண்டும். தர்மகர்த்தா பூஜை நேரத்தில் தாமே கட்டையருகில் நின்று, யார் உள்ளே போகலாம் என்று பார்த்துக்கொள்வார். அதைப் பற்றி 'இரு பக்கம்' பல வாரம் ஓடியது. ஒரு வாரம் வேலாயுதம் இப்படி முடித்திருந்தார்:

"ஆளைத் தடுக்கும் அந்தக் கட்டை, கட்டையில் போகிற நாள் என்றைக்கோ, அன்றைக்குத்தான் அந்தக் கோயிலில் சாமி கும்பிட முடியும்."

நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கட்டை என்றால் மரம். கட்டை என்றால் மனித உடம்பும்தான். கட்டையில் போக என்பது, சிதையில் எரிந்து போ என்று தெருவில் காதில் விழுகிற சாபம். வேலாயுதம் சொல்லை வைத்து விளையாடியிருந்தார். அதே இதழில் வலப்பக்கம் பண்டிதர் பதில் எழுதியிருந்தார். "மரத்தின் மேல் என்ன கோபம்? அதை எரித்தால் அந்த இடத்தில் கயிறு கட்டுவார்கள். ஆகமம் அறிந்தவர்களைக் கூட்டிப் பேசி வழக்கத்தை மாற்ற வேண்டும்." இரண்டையும் பெயர்த்துக் கொடுத்தேன். வெல்பி துரை ஜன்னலோரம் நின்று படித்துவிட்டுச் சிரித்தார். இடது பாதியில் ஒன்றும் எழுதவில்லை.

அடுத்த வாரம் அந்தக் கோயிலில் பட்டப்பகலில் சில தோட்டத்து ஆட்கள் கட்டையைப் பெயர்த்து வெளியே போட்டு எரித்துவிட்டார்கள். தள்ளுமுள்ளு ஆனது. எரித்தவர்களைப் போலீஸ் பிடித்துப்போனது. தர்மகர்த்தாவின் மேல் ஒரு காயமும் இல்லை. ஆனால் அவர் வக்கீல் வைத்து சர்க்காருக்கு மனுப் போட்டார். பத்திரிகையில் கட்டை என்று எழுதியது தம் உடம்பைத்தான், ஆளைத் தடுப்பவர் தாம்தானே, தம்மைக் கொளுத்தச் சொல்லி எழுதியிருக்கிறார்கள் என்பது மனு. வக்கீலே ஒரு மொழிபெயர்ப்பும் செய்து சேர்த்திருந்தார். அதில் கட்டை என்ற இடத்தில் உடல் என்றே இருந்தது.

துரை என்னைக் கூப்பிட்டார். மேஜையில் தமிழ் அகராதி திறந்து கிடந்தது.

"இரண்டு பொருளும் இருக்கின்றன அல்லவா?"

"இருக்கு துரை. ஆனா இங்கே மரம்தான்."

"இது எழுதியவர் சொன்னதா, நீர் சொன்னதா?"

"எழுதினவர் சொன்னது. மேலே முழுக்க மண்டபத்துக் கட்டையைப் பத்தித்தான் பேச்சு. மறுத்து எழுதினவரும் மரம்னுதான் எடுத்திருக்கார்."

துரை அகராதியை மூடினார்.

"நீர் சொல்வது சரியாக இருக்கட்டும். உடலைக் குறித்து எழுதியிருந்தால் அது வெறும் வசை. ஒருவருக்கும் ஒன்றும் நேரவில்லை. எச்சரித்து விட்டுவிடலாம். மரத்தைக் குறித்து எழுதியிருந்தால், எரிக்கச் சொன்னார், எரித்தார்கள். புரிகிறதா?"

புரிந்தது. மரம் என்று நான் சொல்வது மாசிலாமணியைக் காப்பாற்றும் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

"மறுபடியும் கேட்கிறேன். எது?"

பொய் சொல்ல ஒரு கணம் நாக்கு எழுந்தது. அகராதியில் இல்லாததையா சொல்லப் போகிறேன், இரண்டும் அங்கே இருக்கிறதே என்றும் தோன்றியது. ஆனால் வேலாயுதம் எதை நினைத்து எழுதினார் என்பது எனக்குத் தெரியும். தர்மகர்த்தாவைக் கொல்லச் சொன்னார் என்று ஒரு மனிதர் மேல் எழுதிக் கொடுக்க எப்படி முடியும்?

"மரம்தான் துரை."

அவர் தலையசைத்தார். "சம்மட்டி என்பவர் யார்?"

"அது கட்டுரையில இல்லை துரை."

என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்கு அந்த நிமிஷம் தெரிந்துவிட்டது. "ஆம், கட்டுரையில் இல்லை" என்று சொல்லிவிட்டுக் கோப்பை மூடினார். அதற்காக இன்றுவரை அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

மாசிலாமணியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். எழுதியவர் பெயரைச் சொல்ல அவர் மறுத்தார். விஷயம் கேள்விப்பட்டு வேலாயுதம் அச்சுக்கூடத்துக்கு ஓடினார். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"நான் போய் ஒத்துக்கறேன் அண்ணே. எழுதினது நான்."

"போட்டது நான். உக்காரு."

"உங்களைக் கப்பல் ஏத்திருவாங்க."

"உன்னை ஏத்தினா நாலு பிள்ளையையும் சேர்த்து ஏத்தணும், சர்க்காருக்குச் செலவு. எனக்கு ஒரு டிக்கெட் போதும்." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "உன் பேரைச் சொல்லிட்டா நாளைக்கு இடப்பக்கம் எவன் எழுதுவான்? வலப்பக்கத்தை மட்டும் வெச்சு நான் என்ன பத்திரிகை நடத்த?"

மறுநாள் யாரும் கூப்பிடாமலே பண்டிதர் சிவக்கொழுந்து எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். தலைப்பாகை, அங்கவஸ்திரம், கையில் குடை. படியேறத் தடுமாறினார். வெல்பி துரை எழுந்து நின்று வரவேற்றார். தமிழறிஞர் ஒருவரோடு பேசக் கிடைத்தது அவருக்கு உள்ளூர மகிழ்ச்சி.

"தங்கள் சமயத்தை நிந்தித்து எழுதியிருக்கிறார்கள். தங்களுக்கு வருத்தம் உண்டாகவில்லையா?"

"உண்டாச்சு. அதனாலதான் பதில் எழுதினேன். பதில் எழுதின அப்புறம் அது எனக்கும் அவனுக்கும் உள்ள வழக்கு. சர்க்கார் எதுக்கு நடுவுல வரணும்?"

துரை அதைச் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொண்டார்.

"தர்மகர்த்தாவைக் கொளுத்தச் சொன்னதாக மனு."

"அபாண்டம். அவன் நாத்திகன், கொலைகாரன் இல்லை. மரத்தைத்தான் சொன்னான். எந்தப் பிரமாணம் வேணும்னாலும் செய்யறேன்."

துரை என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன். பண்டிதர் நண்பனுக்கு உதவி செய்துவிட்ட திருப்தியோடு குடையை எடுத்துக்கொண்டார். வாசல்வரை கைபிடித்துக் கூட்டிவந்தேன். "நல்லபடியா சொன்னேனா கிராணியாரே?" என்று கேட்டார். "நல்லா சொன்னீங்க" என்றேன். வேறு என்ன சொல்ல?

துரை இரண்டு பத்திகளையும், பண்டிதரின் வாக்குமூலத்தையும், எச்சரிக்கை போதும் என்ற தம் கருத்தையும் சேர்த்து மேலே அனுப்பினார். மேலிடத்தில் இருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் வேலை இல்லாமல், எங்கே கலகம் வெடிக்குமோ என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்த காலம். இதில் எழுதினவன் பெயர் சம்மட்டி, கம்யூனிஸ்ட் கொடியில் இருக்கிற சுத்தியல். எழுதியபடியே தீயும் வைத்திருக்கிறார்கள். கோப்பு திரும்பி வந்தபோது அதன்மேல் ஒரே ஒரு வரி உத்தரவு இருந்தது. நாடு கடத்தல்.

"இரண்டு பக்கத்தையும் அனுப்பினேன்" என்றார் துரை. என்னிடம் சொன்னாரா, தமக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. அன்று முதல்முறையாக அவர் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பைப் படித்ததைப் பார்த்தேன்.

சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் வழியனுப்பப் போனோம். சர்க்கார் உத்தியோகஸ்தன் போகக் கூடாதுதான். லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். வேலாயுதம் வந்திருந்தார், பண்டிதரும் வந்திருந்தார். மாசிலாமணிக்கு இரு பக்கமும் இரண்டு சீக்கியப் போலீஸ்காரர்கள்.

"பாருங்க, இப்பவும் என்னை நடுவுலதான் நிக்க வெச்சிருக்காங்க" என்றார்.

யாராலும் சிரிக்க முடியவில்லை. பண்டிதர் அவர் நெற்றியில் விபூதி பூசினார். நாத்திகம் பேசுகிற வேலாயுதம் அதைத் தடுக்கவில்லை. மாசிலாமணி என்னிடம், "வாக்கியத்தைக் குறைச்சிருக்கேன், கவனிச்சீங்களா?" என்றார். பிறகு கப்பலேறினார். அடுத்த வருஷமே ஊரில் காய்ச்சலில் போய்விட்டதாகத் தகவல் வந்தது.

அச்சுக்கூடத்தை வாங்கியவர் அதே பெயரில் பத்திரிகை நடத்தினார். கல்யாண வாழ்த்தும் திருவிழா அறிவிப்பும் வந்தன. நடுப்பக்கத்தில் துணிக்கடை விளம்பரம். பண்டிதரை எழுதக் கேட்டார்கள். "எதிரே ஆள் இல்லாம என்னத்தை எழுதறது?" என்று மறுத்துவிட்டார். சனிக்கிழமை ரயிலும் நின்றுபோனது. வேலாயுதம் பேனாவைத் தொடவே இல்லை. நான் பென்சில் கோடு போட ஒன்றும் இல்லாத வாரங்கள் வந்தன. சம்பளம் மட்டும் குறையவில்லை. வெல்பி துரை மாற்றலாகிப் போனார். பிறகு நானும் ஓய்வு பெற்றேன்.

இந்த வருஷத் தொடக்கத்தில் கிள்ளான் பக்கம் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் முனியன் என்று பெயர் சொன்னார். தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்த உடம்பு. பேச்சுவாக்கில், கோயில் கட்டையை எரித்து ஜெயிலுக்குப் போனவர்களில் தாம் ஒருவர் என்றார். எனக்குக் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"பத்திரிகையில எழுதியிருந்தாங்களே, அதைப் பார்த்துட்டா செஞ்சீங்க?"

"என்ன பத்திரிகை?"

சொன்னேன்.

"எங்க கூலி லயத்துல எவனுக்குங்க படிக்கத் தெரியும்? அன்னிக்குப் பூசை நேரத்துல மழை கொட்டுச்சு. கூரை எல்லாம் கட்டைக்கு அந்தப் பக்கம். எங்க கூட வந்த ஒரு பொம்பளை, பச்சைப்பிள்ளையோட கட்டைக்குக் கீழ குனிஞ்சு உள்ள போயிருச்சு. பிள்ளை நனையுதுன்னுதான் போச்சு. தர்மகர்த்தா வெளியே போடின்னு துரத்திட்டாரு. அது மழையில நின்னுச்சு. மழை விட்டதும் கட்டையைப் பிடுங்கினோம். ஈரக்கட்டை, மண்ணெண்ணெய் ஊத்தித்தான் எரிச்சோம்."

"இதைப் போலீஸ்ல சொல்லலையா?"

"யாரு கேட்டா? எரிச்சியான்னு கேட்டாங்க, எரிச்சேன்னு சொன்னோம்."

மறுநாளே வேலாயுதத்தைத் தேடிச் சாலாக் செலாத்தானுக்குப் போனேன். மகள் வீட்டில் இருந்தார். கண்ணில் புரை விழுந்திருந்தது. இத்தனை வருஷமாகத் தம் ஒரு வாக்கியம் மாசிலாமணியை நாடு கடத்திவிட்டது என்ற பாரத்தோடு இருக்கிறாரே, அதை இறக்கி வைக்கலாம் என்றுதான் போனேன். முனியன் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் முகம் தெளியவில்லை.

"அப்போ நான் எழுதினது அவங்ககிட்ட போகவே இல்லையா?"

"போகலை" என்றேன்.

"அத்தனை வருஷம் எழுதினதுல அது ஒண்ணுதான்யா பலிச்சதுன்னு நெனச்சிருந்தேன். அண்ணன் போனதுக்கு அதாவது மிச்சம்னு இருந்தேன்."

மகள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவர் எடுக்கவில்லை. என் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"அந்தப் பொம்பளை பேரு என்ன?"

"கேக்கலை."

"பிள்ளை என்ன ஆச்சு?"

"அதையும் கேக்கலை."

"நாங்களும் கேக்கலை" என்றார். "நானும் பண்டிதரும் வாரா வாரம் அந்தக் கட்டையைப் பத்தி எழுதினோம். ஒரு நாள்கூட அந்தக் கோயிலுக்குப் போய் அதுக்கு வெளியே நிக்கிறவங்ககிட்ட பேசினதில்ல. அந்தப் பொம்பளையைப் பத்தித்தான்யா எழுதியிருக்கணும்."